ஆலங்குடாவில் இரண்டு நாள் மட்டும் வைத்திருந்த லென்ஸ்

புதன்கிழமை, காலை 7.25

கற்பிட்டி பஸ் ஏழு மணிக்குப் புறப்பட வேண்டியது. ஏழு இருபத்தைந்துக்கும் புத்தளம் பஸ் நிலையத்திலேயே நின்றது. சாரதி பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஆள் நிறையட்டும்" என்றார். கதிரைகள் எல்லாம் நிறைந்து ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய கணக்கில் நாங்கள் இன்னும் ஆட்கள் ஆகவில்லை.

கற்பிட்டிக்கு இருநூறு ரூபா. நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட.

"நானா, பைய மேல வைங்க" என்றான் நடத்துநன்.

"உள்ளுக்குக் கமரா இரிக்கி."

"அப்ப புள்ள மாதிரி மடியில வச்சிக்கங்க. புள்ளைக்கு டிக்கட் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். கமரா வாங்கி எட்டு மாதம் ஆகிறது, அதுவும் இன்னொருவர் பாவித்த கமரா. அதோடு வந்தது ஒரே ஒரு லென்ஸ், 18-55. எல்லாக் கமராவோடும் சேர்த்துக் கொடுக்கிற லென்ஸ். சேர்த்துக் கொடுக்கிற சாமானுக்கு யாரும் மரியாதை வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை. படம் நன்றாக வராவிட்டால் லென்ஸைத் திட்டினேன். போனில் பார்க்கிற வீடியோக்களிலும் இரண்டாவது லென்ஸ் வாங்கு என்றுதான் சொன்னார்கள். அதைச் சொல்கிறவர்கள் லென்ஸ் விற்கிறவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கையில் நாற்பதாயிரம் ரூபா இருந்தது. அந்தக் காசுக்கு ஆரம்பக்காரன் யோசிக்கக்கூடியவை இரண்டு. ஒன்று 50 மில்லிமீற்றர். முன்னுக்குப் பின்னுக்கு இழுக்க முடியாது, ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்திலும் தெளிவாக எடுக்கும். மற்றது 55-250. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும். பஸ் பாலாவிச் சந்தியில் திரும்பி உப்பளங்களைத் தாண்டும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். தூரத்தில் இருப்பதை இழுக்கிறதுதான் வேண்டும்.

அதற்கு ஒரு காரணமும் கிடைத்திருந்தது. என் மனைவியின் தம்பி நிஸ்தார் ஆலங்குடாவில் பெண் எடுத்து அங்கேயே இருக்கிறான். கரைவலை இழுக்கிறான். கரைவலைக்குக் கரையில் ஒரு துண்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள், அதைப் பாடு என்பார்கள். வலையை அங்கேதான் கரைசேர்க்க முடியும். அந்தப் பாட்டுக்கு வடக்கே புதிதாக ஒரு ஹோட்டல் வந்து சீமெந்துத் தூண் நட்டு வேலி போட்டது. போட்டுவிட்டு, கரைவலைக்காரர்கள் எங்கள் எல்லைக்குள் வலை இழுக்கிறார்கள் என்று மனுக் கொடுத்தது. விசாரணை வருகிற திங்கட்கிழமை. பாடு போனால் இருபத்தாறு பேருக்குத் தொழில் இல்லை. வலை எங்கே, வேலி எங்கே என்று காட்ட ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லி நிஸ்தார் கேட்டிருந்தான்.

1990இல் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை எல்லாம் வெளியேற்றியபோது எனக்கு இரண்டு வயது. நிறைய வருடம் கழித்து வாப்பா எங்கள் காணியைப் பார்க்கப் போனார். எல்லை எது என்று கேட்டிருக்கிறார்கள். வாப்பா கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். நீட்டின கையை யாரும் கோப்பில் போடுவதில்லை. அதனால்தான் நான் கமரா வாங்கினேன் என்று சொன்னால் அது பொய். மகளுடைய பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்காக வாங்கினேன். ஆனால் நிஸ்தார் கேட்டபோது வாப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது.

முற்பகல் 9.30

நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு, பிறகு இரு பக்கமும் வெங்காயத் தோட்டங்கள், காற்றாலைகள். கற்பிட்டியில் இறங்கி, கருவாட்டு வாடையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் ஒரு ஸ்டூடியோ. அடையாள அட்டைப் படமும் கல்யாண அல்பமும் செய்கிற கடை. கண்ணாடி அலுமாரியில் பாவித்த லென்ஸ்களும் இருக்கும். உரிமையாளர் பெயர் றிஸ்வி. என்னைவிட இளையவர்.

இரண்டையும் எடுத்து வைத்தார். 50 முப்பத்திரண்டாயிரம். 55-250 நாற்பத்தெட்டாயிரம்.

எடுத்தவுடனேயே போன் டோர்ச்சைப் போட்டு லென்ஸுக்குள் பார்த்தேன். கடற்கரை ஊரில் பாவித்த லென்ஸ் வாங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். உப்புக் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வெளியிலிருந்து தெரியாது. வெளிச்சம் போட்டால் சிலந்தி வலை மாதிரித் தெரியும். இரண்டும் சுத்தமாக இருந்தன.

"நானா என்னத்த எடுக்கப் போறீங்க?" என்று றிஸ்வி கேட்டார்.

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் எடுக்கிற லென்ஸ் உங்கட கமராவிலயே இரிக்கி. அதால எடுக்க ஏலாதது என்ன எண்டு சொல்லுங்க, ரெண்டாவத நான் சொல்லுறன்."

நல்ல கேள்வி. எட்டு மாதத்தில் என்னை நானே அப்படிக் கேட்டதில்லை. பதில் தெரியாததால் எரிச்சல் வந்தது. "தூரத்தில இரிக்கிறது" என்றேன். காசு போதாது. அதனால் என் 18-55ஐக் கழற்றி மேசையில் வைத்தேன். பத்தாயிரத்துக்கு எடுப்பதாகச் சொன்னார்.

"பின்னுக்குத் தேவப்படும் நானா."

"தேவப்படாது."

மிச்சம் முப்பத்தெட்டாயிரத்தைக் கொடுத்தேன். பெரிய லென்ஸோடு ஆலங்குடாவுக்கு வந்த வழியே திரும்பி பஸ் ஏறினேன். சந்தியில் இறங்கி, கடற்கரைக்கு ஓட்டோவில் முந்நூறு ரூபா.

வியாழக்கிழமை, காலை 6.40

பெப்ரவரியில் இந்தப் பக்கத்துக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். விடிவதற்கு முன்பே வள்ளம் வலையை வளைத்துப் போட்டு வந்துவிட்டது. இரண்டு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டங்கள் ஒன்றையொன்று நெருங்கி வரும்போது மீன் சேர்கிற வலையின் மடி கரைக்கு வரும்.

நான் கிட்டப் போகவில்லை. போனால் நக்கலடிப்பார்கள், புது லென்ஸில் மண்ணும் உப்புத் தண்ணீரும் படும். அதைவிட, 250 வரை இழுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. தெற்கே முந்நூறு அடி நடந்து, தாழம்புதருக்குப் பக்கத்தில் இருந்த மணல் மேட்டில் ஏறி நின்றேன். அடி என்று நான் சொல்வது நடக்கிற காலடியை.

வெயில் முதுகுப் பக்கமாக வலது கையோரம் வந்தது. இழுத்துப் பார்த்தேன். பின்னுக்குச் சாய்ந்து நிற்கிற ஆட்கள், கயிற்றிலிருந்து தெறிக்கிற தண்ணீர், எல்லாம் பொன் நிறத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நிஸ்தாரின் கழுத்து நரம்பு தெரிந்தது. எட்டு மாதத்தில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். உண்மையாகவே நல்ல படம்.

ஒன்பதரைக்கு மீனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போய்க் காட்டினேன். எல்லோரும் குனிந்தார்கள்.

"டேய் நிஸ்தார், உன்ட மூஞ்சியும் சினிமாக்கு ஆகும் போல" என்றான் ஒருவன்.

"இவன் இழுக்கிற மாதிரி நல்லா நடிக்கிறான், பாருங்க" என்றான் இன்னொருவன்.

வலைக்குச் சொந்தக்காரர் ஜமால்தீன் சம்மாட்டி. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு கமராவை வாங்கிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தத் தூண் எப்பிடி எங்கட வலைக்கு மேல வந்து நிக்கிது?"

பார்த்தேன். ஆட்களுக்குப் பின்னால், தோளில் முட்டுகிற மாதிரி, ஹோட்டலின் சீமெந்துத் தூண்கள் நின்றன. வலையின் ஓரம் முதல் தூணின் அடியில் கிடக்கிற மாதிரி இருந்தது. திரும்பி நேரில் பார்த்தேன். வலை இங்கே, தூண் அங்கே. நடந்து அளந்தேன். நூற்றெண்பது அடி. அந்த நூற்றெண்பது அடியும் படத்தில் இல்லை.

தூரத்தில் நின்று இழுத்து எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிக்கொள்ளும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். எனக்குத் தெரியாது. நான் பார்த்த எந்த வீடியோவிலும் இதைச் சொன்ன ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் நான் விலையைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

"இதக் கொண்டு போய் வச்சா, நாங்களே எங்களுக்கு எதிரா சாட்சி சொன்ன மாதிரி" என்றார் சம்மாட்டி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

"அத அழி மச்சான்" என்றான் நிஸ்தார். "கிட்ட நிண்டு, தூணும் வலையும் இடைவெளியும் தெரியிற மாதிரி எடு."

கிட்ட நின்றேன். இந்த லென்ஸில் கிட்ட நின்றால் ஓர் ஆளின் தலையும் தோளும்தான் தெரியும். மொத்தக் கரையும் ஒரே படத்தில் அடங்க வேண்டுமென்றால் நான் திட்டிக்கொண்டே பாவித்த பழைய லென்ஸ் வேண்டும். அது கற்பிட்டியில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது.

"போன்ல எடுக்கவா?" என்று கேட்டேன்.

"போன்ல நாங்களும் எடுத்த. ஹோட்டல் ஆள் பெரிய கமராவோட வந்து எடுத்திட்டுப் போனான். அதாலதானே மச்சான் உன்னக் கூப்பிட்ட."

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை இந்தக் கரையில் வலை வளைப்பதில்லை. ஜும்ஆ நாள். யார் எவ்வளவு அவசரம் என்றாலும் வளைக்க மாட்டார்கள். எனவே மீதி இருந்தது சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்தான்.

காலையிலேயே கற்பிட்டிக்குப் போனேன். ஸ்டூடியோ பூட்டியிருந்தது. ஜும்ஆ முடிந்து இரண்டரைக்குத்தான் திறப்பதாக அடுத்த கடைக்காரர் சொன்னார். ஒல்லாந்தர் கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் பெரிய லென்ஸோடு கமரா. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என்னிடம் வந்து டொல்பின் பார்க்க எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்கள். என்னை அந்தத் தொழில்காரன் என்று நினைத்திருக்கிறார்கள். கடலைக் காட்டினேன். பிறகு பள்ளியில் தொழுதுவிட்டு ஸ்டூடியோ வாசலில் போய் நின்றேன்.

இரண்டு நாற்பதுக்கு றிஸ்வி வந்தார். என்னைக் கண்டதும் கதவைத் திறந்துகொண்டே, "பழையதத் தேடி வந்தீங்களா?" என்றார்.

"ஓம்."

"என்ன நடந்த?"

சொன்னேன். படத்தையும் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. பெரிய லென்ஸை வாங்கிக்கொண்டு என் லென்ஸையும் முப்பத்துமூவாயிரத்தையும் தந்தார். ஐயாயிரம் குறைவு.

"ரெண்டு நாளைக்கு ஐயாயிரமா?"

"நேத்து ஒராள் நாப்பத்தாறுக்குக் கேட்டு வந்தார் நானா. இல்லை எண்டு அனுப்பின. அந்த ஆள் இனி வர மாட்டார்."

உண்மையோ பொய்யோ, வாதாட எனக்கு உரிமை இல்லை. இரண்டு நாள் வைத்திருந்த லென்ஸுக்கு ஐயாயிரம். வெளியில் வந்ததும் பழைய லென்ஸைப் பொருத்திப் பார்த்தேன். அதன் வளையத்தில் என் விரல் தேய்த்த அழுக்கு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை, முற்பகல் 10.15

இந்த முறை வலை கரைசேரும்வரை நான் படமே எடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தேன். அரை மணித்தியாலத்தில் உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின. நன்றாக இருந்தது.

மீன் பிரித்து முடிந்ததும் சம்மாட்டியிடம் சொன்னேன். வலையை இழுத்துப்போட்ட இடத்திலேயே குவியலாக விட வேண்டும். வலையின் வடக்கு ஓரத்திலிருந்து முதல் தூண்வரை கயிற்றை நேராக விரிக்க வேண்டும். பத்து அடிக்கு ஓர் ஆள் கயிற்றில் நிற்க வேண்டும். பதினெட்டுப் பேர்.

"படத்துக்கு நிக்கிறதா?" என்று ஒருவன் முனகினான். "காலையில இருந்து இழுத்தது போதாதா?"

"நில்லுடா" என்றார் சம்மாட்டி. "இண்டைக்கு நிண்டா நாளைக்கும் இழுக்கலாம்." அவரே போய்த் தூணோடு சாய்ந்து நின்றார்.

நிஸ்தாரும் இன்னும் இரண்டு பேரும் என்னை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் தள்ளினார்கள். கரையிலிருந்து நூற்றைம்பது அடி தூரத்தில் எல்லாம் ஒரே படத்தில் அடங்கியது. இடது பக்கம் தூண், வலது பக்கம் வலைக் குவியல், நடுவில் வரிசையாக ஆட்கள். வெயில் நேரே என் முகத்தில் அடித்தது. ஆட்கள் எல்லோரும் கறுப்பாகத் தெரிந்தார்கள். யாருடைய முகமும் தெரியவில்லை. வானம் வெளுத்துப்போயிருந்தது. அசிங்கமான படம். ஆனால் எண்ணலாம். திரையில் பெருப்பித்து மூன்று தரம் எண்ணினேன். பதினெட்டு.

பின்னேரம் கற்பிட்டி ஸ்டூடியோவில் அதைப் பெரிதாக அச்சடித்தேன். வியாழக்கிழமைப் படத்தை அழிக்கிறேன் என்று நிஸ்தாரிடம் சொல்லியிருந்தேன். அழிக்க மனம் வரவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டலாம் என்று அதையும் ஒன்று அடித்து, உறைக்குள் கீழே வைத்தேன்.

திங்கட்கிழமை, காலை 9.50

விசாரணை கற்பிட்டியில், ஓர் அரசாங்க அறையில். அதிகாரி ஒரு சிங்களப் பெண், தமிழ் நன்றாகக் கதைத்தார். எங்கள் பக்கம் சம்மாட்டி, நிஸ்தார், நான். அந்தப் பக்கம் ஹோட்டல் முகாமையாளர், நல்ல சேர்ட்டும் சப்பாத்தும் போட்டவர். அவர்தான் முதலில் தன் கோப்பைத் திறந்து, ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார்.

அது என்னுடைய படம். என்னுடையது இல்லை, ஆனால் அதேதான். அதே பொன் வெயில், அதே தோள்கள், தோளுக்கு மேல் அதே தூண்.

"வலை வேலிக்குள்ளயே கிடக்கிறது தெரியுதுதானே மிஸ்" என்றார் முகாமையாளர்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். சம்மாட்டி கையை நீட்டி, "அப்பிடி இல்ல மிஸ், அது இஞ்ச, இது அங்க" என்று காற்றில் காட்டத் தொடங்கினார். அந்தக் கை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உறையைத் திறந்து இரண்டு படங்களையும் வைத்தேன். மேலே சனிக்கிழமைப் படம். அதற்குப் பக்கத்தில், வீட்டுச் சுவருக்கு என்று எடுத்து வைத்த வியாழக்கிழமைப் படம். நிஸ்தார் என் தொடையில் கிள்ளினான். அழித்துவிட்டேன் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"இது ரெண்டும் யார் எடுத்த?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்."

"இதில தூண் பக்கத்தில இருக்கு. அதில தூரத்தில இருக்கு."

"தூண் அசையல்ல மிஸ். நான்தான் அசைஞ்ச. இத வலைக்கு முந்நூறு அடி தெற்கே, தாழம்புதருக்குப் பக்கத்து மணல் மேட்டில நிண்டு, பெரிய லென்ஸில இழுத்து எடுத்த. இவருடைய ஆளும் அந்த மேட்டிலதான் நிண்டிருக்கான். ரெண்டு படத்தையும் பக்கத்தில வச்சுப் பாருங்க. இது கடல்ல இருந்து எடுத்த. ஆளுக்கு ஆள் பத்துக் காலடி. எண்ணிப் பாருங்க."

அதிகாரி பேனை முனையை வைத்து எண்ணினார். உதடு அசைந்தது. முகாமையாளர், காலடி என்பது ஓர் அளவே இல்லை என்றார்.

"அப்ப டேப்போட வாங்க" என்றேன். "ஆக்கள் அங்கதான் நிப்பாங்க. தூணும் அங்கதான் நிக்கும், இரவோட இரவா புடுங்கி நட்டால் ஒழிய."

நிஸ்தார் மறுபடியும் கிள்ளினான். அதிகாரி என்னைக் கண்டிக்கவில்லை. வியாழக்கிழமை காலை நில அளவையாளரோடு வந்து பார்ப்பதாகவும், அதுவரை வலையை யாரும் தடுக்கக்கூடாது என்றும் எழுதினார். பிறகு என் இரண்டு படங்களையும் என் பக்கம் தள்ளினார்.

"பின்பக்கத்தில எழுதுங்க. பேர், எங்க நிண்டு எடுத்த, என்ன லென்ஸ்."

"இத நான் வீட்டுக்கு..." என்று தொடங்கினேன்.

"ரெண்டும் கோப்பில இருக்க வேணும்."

அசிங்கமான படத்தின் பின்னால் சீக்கிரம் எழுதிவிட்டேன். மற்றதைத் திருப்புவதற்கு முன் ஒரு முறை பார்த்தேன். நிஸ்தாரின் கழுத்து நரம்பு, கயிற்றுத் தண்ணீர். திருப்பிப்போட்டு எழுதினேன்: முந்நூறு அடி தூரத்தில் நின்று 250இல் எடுத்தது. தூண் வலைக்குக் கிட்ட இல்லை. படம் பிழை. கையெழுத்து வைத்தேன்.

நண்பகல் 12.30

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஸ்டூடியோவைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடி அலுமாரியில் 55-250 பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் 50. றிஸ்வி வாசலுக்கு வந்தார்.

"கைல காசு இரிக்கித்தானே நானா. இப்ப எதத் தர?"

"பழைய லென்ஸால எடுக்க ஏலாதது என்ன எண்டு இன்னும் தெரியாது" என்றேன். "தெரிஞ்ச பிறகு வாறன்."

பஸ்ஸில் முன் கதிரை கிடைத்தது. ஆலங்குடாச் சந்தியில் நிஸ்தாரும் சம்மாட்டியும் இறங்கினார்கள். சம்மாட்டி யன்னலுக்குக் கீழே வந்து நின்று, "வியாழக்கிழமை வருவீங்களா தம்பி?" என்று கேட்டார். வேலை இருக்கிறது, ஒரு வீட்டுக்கு வயர் இழுத்து முடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வாறன்" என்றேன்.

புத்தளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்துவிட்டுத்தான் புதன்கிழமை புறப்பட்டிருந்தேன். புது லென்ஸில் எடுக்கப்போகிற முதல் நல்ல படத்துக்கு. அந்த ஆணி வெறுமனே இருக்கிறது. மகள் அதில் தன் பள்ளிக்கூடப் பையை மாட்டுகிறாள்.